நன்றி போட்டு எடுத்த புத்தகம்

அடுத்தவர் எழுத்தை எடுத்துப் போட்டு, கீழே ‘நன்றி’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அது திருட்டு ஆகாது என்று முப்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். (கோயில் மலர் முதல் காலேஜ் மலர் வரை எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்!)

இரண்டாயிரங்களின் கடைசியில், விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நான், இணையத்திலும் பாடம் நடத்தக் கிளம்பினேன். பாடம் எழுதச் சோம்பல். கூட வேலை பார்த்த ஜமீலா மேடம், பீங்கானுக்குப் பளபளப்பு தரும் பூச்சுகளைப் பற்றி ஐந்து வருடம் உழைத்து ஒரு புத்தகம் போட்டிருந்தார். அதை அட்டையிலிருந்து அட்டை வரை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டேன். கீழே கொட்டை எழுத்தில் ‘நன்றி: ஜமீலா’, கூடவே அவருடைய போன் நம்பர். (மரியாதையாம்!) மேடம் பக்கத்து அறையில்தான் இருந்தார். கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

மூன்றாம் வாரம் மாணவர்கள் அவரவர் ஊரில் சூளையைத் திறந்தார்கள். பூச்சு உருகி வழிந்து, கோப்பைகள் எல்லாம் அடித்தட்டோடு ஒட்டிக்கிடந்தன. புத்தகத்தில் சூளையின் சூடு நூறு டிகிரி கூடுதலாக அச்சாகியிருந்தது. திட்டு முழுக்க, நம்பர் யாருடையதோ அவருக்குத்தானே போகும்?

மேடம் என் அறைக்கு வந்தார். கையில் அதே புத்தகம், பக்கமெல்லாம் சிவப்பு மைத் திருத்தம்.

“காலையிலேர்ந்து பதினோரு போனு சார். ‘உங்களுக்கு பீங்கான் வேலை தெரியுமா’ன்னு கேக்குறாங்க.”

“படிப்புக்குத்தானே மேடம்... உங்க பேரைக்கூட பெருசா போட்டேனே.”

“பேரைப் போட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? தப்பையெல்லாம் திருத்தி ரெண்டாம் பதிப்புக்கு வச்சிருக்கேன் சார். கேட்டிருந்தா, வேணுங்கிற நாலு பக்கத்தைத் திருத்தியே குடுத்திருப்பேனே.”

அன்றே எல்லாவற்றையும் இணையத்திலிருந்து எடுத்தேன். அதற்குள் அது எங்கெங்கோ பரவிவிட்டது. “நெட்டுல சும்மா கிடைக்குதுங்களே, இனிமே யாரு வாங்குவாங்க?” என்று பதிப்பகத்தார் கைவிரித்துவிட்டார். இரண்டாம் பதிப்பு வரவேயில்லை. மேடத்தின் பேர் இன்றும் அந்தத் தப்போடுதான் சுற்றுகிறது.

இப்போதெல்லாம் பாடத்தில் ஒரு படம் போடுவதென்றாலும் உரியவருக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் போடுகிறேன். வீட்டில் அது பெரிய கேலி. ஒருநாள் மேடம் வீட்டுக்கு வந்திருந்தபோது, அவருக்கு வைத்த தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தேன்.

“மேடத்துக்கு எழுதிக் கேட்டீங்களா?” என்றாள் மனைவி.

எல்லோரும் சிரித்தோம். மேடம் மட்டும் டீயைக் குடித்து முடித்து, “போயிட்டு வரேங்க” என்று எழுந்துகொண்டார்.