‘தாண்டு’ பொத்தான் நீக்கப்பட்டது குறித்து

ஒரு மனிதரின் குரலை அரை மணி நேரத்துக்கு இரவல் கேட்பதற்கு எங்கள் மாகாணத்தின் விளையாட்டுப் பெருமைத் துறையில் தனிப் படிவம் கிடையாது. ஆகவே பெகிமாய், குதிரை இரவல் கேட்கும் படிவத்தையே நிரப்பிக் கொடுத்தாள். ‘வயது’ என்ற இடத்தில் அறுபத்தொன்று, ‘நிறம்’ என்ற இடத்தில் நரை, ‘கடிக்குமா’ என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தாள். துறை மூன்றே வாரத்தில் அனுமதி கொடுத்தது. அவ்வளவு வேகமாக ஒரு காரியம் நடந்தபோதே நாங்கள் பயந்திருக்க வேண்டும்.

குரல் கெரிம்குல்லுடையது. எங்கள் நாரின் ஊரில் முப்பது ஆண்டுகளாகக் கோக்போரு ஆட்டத்துக்கு வர்ணனை சொன்னவர். குதிரைமேல் இருந்தபடியே செத்த ஆட்டைப் பிடுங்கி, தொடைக்கடியில் இடுக்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் கொப்பரையில் போடுகிற ஆட்டத்தை எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூட விளக்க வேண்டாம். ஆனால் யார் போட்டான் என்பதைக் கெரிம்குல் மைக்கில் சொன்னால்தான் போட்டதாகக் கணக்கு. அவர் ஒருவன் பெயரை நீட்டிச் சொன்னால் அந்த வாரமே அவன் வீட்டுக்குச் சம்பந்தம் பேச ஆள் வரும்.

அப்படி அவர் பெயரை நீட்டிச் சொன்னவர்களில் பெகிமாயின் தம்பி ஜூமார்ட்டும் ஒருவன். இரண்டு குளிர்காலத்துக்கு முன் குதிரை அவன்மேல் சாய்ந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இனி குதிரை ஏறவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு அவன் சன்னலோரமாக உட்கார்ந்து தெருவில் போகிற குதிரைகளின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பெகிமாய் கணினி வேலை தெரிந்தவள். தம்பிக்காகவே ஒரு கோக்போரு வீடியோ கேம் செய்தாள். அவனுடைய சாம்பல் குதிரையை, அதன் இடது காதில் இருந்த வெட்டு முதற்கொண்டு அப்படியே வரைந்து உள்ளே ஓடவிட்டாள்.

பத்து நாள் விடாமல் ஆடினான். பதினோராம் நாள் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டான்.

“என்னடா, குதிரை சரியில்லையா?”

“குதிரை அம்சமா இருக்குக்கா. ஆடுகூட நல்லா கனக்குது. ஆனா நான் கொண்டுபோய்க் கொப்பரையில போட்டா ஒரு சத்தம் இல்ல. எவனோட ஆட்டையோ திருடிட்டு ஓடுற மாதிரி இருக்கு.”

“கூட்டம் கத்துற சத்தம் போடட்டுமா?”

“கூட்டம் எதுக்கு? கெரிம்குல் அண்ணன் ஒரே ஒரு தடவை என் பேரைச் சொன்னா போதும்.”

விண்ணப்பம் இப்படித்தான் பிறந்தது. நான் அப்போது தொலைக்காட்சி நிலையத்தில் ஒலிப்பதிவு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வியாழக்கிழமை கெரிம்குல் வந்தார். கல்பாக் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், இரண்டு கோப்பை தேநீர் குடித்தார், மைக் முன்னால் நின்று, “ஜூ-மா-ஆ-ஆ-ர்ட்!” என்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஊன்றுகோல்களோடு உட்கார்ந்திருந்த ஜூமார்ட் தன்னையறியாமல் இடுப்பை உயர்த்தினான். வலியில் முகம் சுருங்கியது. ஆனாலும் சிரித்தான்.

அன்றே பதிவைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் இதோடு முடிந்திருக்கும். ஆனால் அரசு மைக்கில் விழுந்த குரல் அரசுடைமை. துறை பார்வையிட்டு ஒப்புதல் தர வேண்டும் என்று விதி இருந்தது. விதி இருந்ததைச் சொன்னவனும் நான்தான்.

பார்வையிட வந்தவர் துறையின் துணைத்தலைவர் துர்சுனாலி. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எதையும் இன்னும் கொஞ்சம் சிறப்பாகச் செய்ய முடியும் என்று நம்புகிறவர். அந்த நம்பிக்கையில் அதற்கு முன்பே ஒரு பாலமும் ஒரு நீச்சல்குளமும் பாழாகியிருந்தன.

“ஏம்மா, இதை டிவி ஒளிபரப்பு மாதிரி ஆக்கணுங்கிறதுதானே உன் எண்ணம்?”

“ஒரு குரல் மட்டும் போதும் ஐயா.”

“அரைகுறையா எதுக்கு? ஒளிபரப்புன்னா முழு ஒளிபரப்பு. ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல என்ன நடக்கும்?”

“பெரியவர் கை விரிச்சு ஆசி கொடுப்பார்.”

“அது எங்கே?”

பெகிமாய் ஒரு வாரத்தில் அதையும் செய்தாள். வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் மைதானத்தின் நடுவே வந்து, இரண்டு கையையும் விரித்து, “குதிரைகள் இடறாதிருக்கட்டும், பிள்ளைகள் வாழட்டும்” என்பார். பன்னிரண்டு வினாடி. துர்சுனாலிக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தபோது பெருவிரல் ஏதோ ஒரு பொத்தானில் பட்டது. பெரியவர் விரித்த கையோடு காணாமல்போனார்.



“அவர் எங்கே?” என்றார் துர்சுனாலி.

“போயிட்டார் ஐயா.”

“யார் அனுப்பினது?”

“நீங்கதான். அது ‘தாண்டு’ பொத்தான். எல்லா விளையாட்டிலயும் இருக்கும். அதை அமுக்கினா நேரா ஆட்டத்துக்குப் போயிடலாம்.”

“பெரியவர் கை விரிச்சு நிக்கும்போது தாண்டிப் போறதா? நீ யார் வீட்டுப் பொண்ணு?”

மறுநாளே ஆணை வந்தது. ‘மதிப்பிற்குரிய மூத்தோரின் வாழ்த்துரையைப் பயனாளர் பெருவிரலால் தாண்டுவது மரபுக்கு ஊறு விளைவிக்கும் செயலாகத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளதால், மேற்படி பொத்தான் இன்றுமுதல் நீக்கப்படுகிறது.’ கவனத்துக்குக் கொண்டுவந்த பெருவிரல் யாருடையது என்று ஆணையில் இல்லை.

அதற்குப் பிறகுதான் அலுவலகங்களுக்குச் செய்தி பரவியது: நாரினில் ஒரு மேடை இருக்கிறது, அதில் ஏறிப் பேசினால் எதிரில் இருப்பவனால் எழுந்து போகவே முடியாது. போனால் ஆட்டம் கிடைக்காது.

பண்பாட்டுத் துறை ஆறு நிமிட உரையோடு வந்தது. நீர்வளத் துறை தங்களை விட்டுவிட்டதாக வருத்தப்பட்டுப் பதினோரு நிமிட உரையோடு வந்தது. கால்நடைத் துறை அந்த ஆட்டுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டது.

“அது செத்த ஆடுங்க,” என்றாள் பெகிமாய்.

“சாகறதுக்கு முன்னாடி?”

தடுப்பூசி போடும் காட்சி நாலு நிமிடம் வந்தது.

வீரர்களை அறிமுகம் செய்யும்போது ஏழு தலைமுறை முன்னோரின் பெயரைச் சொல்லாமல் விட்டால் அநாதைகளை அழைத்துவந்து ஆட விட்டதுபோல் ஆகும் என்றார் துர்சுனாலி. களத்தில் அணிக்கு நாலு பேர். எட்டுப் பேருக்கு ஐம்பத்தாறு முன்னோர். கெரிம்குல் எல்லாப் பெயரையும் நீட்டியே சொன்னார். பாதி வழியில், குதிரைகளுக்கு மட்டும் அப்பன் தாத்தா இல்லையா என்று குதிரை வளர்ப்போர் சங்கம் கடிதம் போட்டது.

ஆட்டம் முடிந்தபின் விருந்து. அந்த ஆட்டைச் சமைத்து யாருக்கு எந்த எலும்பு என்று வயதுக்கும் பதவிக்கும் தக்கபடி பரிமாறுவது வழக்கம். வீடியோ கேமுக்குள் இடுப்பெலும்பு யாருக்கு என்று இரண்டு துறைகள் நாலு மாதம் கடிதம் எழுதிக்கொண்டன. சாப்பிட முடியாத எலும்புக்காக இரண்டு அதிகாரிகள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

இதற்கிடையில் ஒரு காலையில் கெரிம்குல்லின் மனைவி எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தம்பி, இவரை என்ன பண்ணி வச்சிருக்கீங்க? தட்டைக் கொண்டு வந்தா, ‘இதோ வருகிறது, வலப்புறமாக வருகிறது’ங்கிறார். உப்பு இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி என் ஏழு தலைமுறையையும் சொல்றார்!”

பெகிமாய் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்டாள். “ஐயா, என் தம்பி பேரு இருக்கில்ல?”

“இருக்கு, இருக்கு. அது இல்லாமலா?”

கடைசியாகக் கேமரா விஷயம் வந்தது. ஆடு கொப்பரையில் விழும் நொடியில் கேமரா எங்கே இருக்க வேண்டும்?

“கொப்பரையில,” என்றாள் பெகிமாய்.

“கொப்பரை எங்கேம்மா போயிடப் போகுது? அது அங்கேயேதான் இருக்கும். அந்த நேரத்துல நம்ம துறைத் தலைவர் கைதட்டுறதை விட்டுட்டா திரும்பக் கிடைக்குமா?”

“ஆடுறவனுக்கு ஆடு விழுந்தது தெரிய வேண்டாமா?”

“தலைவர் கைதட்டினா விழுந்துதுன்னு அர்த்தம். இதுகூடப் புரியாதவனா குதிரை ஓட்டப்போறான்?”

ரீப்ளேயிலும் கைதட்டலையே மெதுவாகக் காட்டுவது என்று முடிவாயிற்று. முதல் விளையாட்டிலேயே சொந்த ஊர் தோற்றால் அபசகுனம் என்பதால் நாரின் அணி ஐந்துக்கு இரண்டு என்று வெல்வதாகக் கோப்பில் குறித்தார்கள்.

பிறகு துர்சுனாலி கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு கேட்டார். “எட்டு வீரருக்கும் மருத்துவச் சான்று இருக்கா?”

“அதெல்லாம் படம் ஐயா.”

“படத்துல சாம்பல் குதிரை ஏறுறது யாரு?”

“ஜூமார்ட்.”

“ஜூமார்ட் குதிரை ஏறக்கூடாதுன்னு டாக்டர் எழுதின தாள் நம்ம கோப்புலயே இருக்கு. அதை மீறச் சொல்றியா? நாளைக்கு உள்ள விழுந்து அடிபட்டா யார் பதில் சொல்றது?”

பெகிமாய் எழுந்துவிட்டாள். “அவனுக்காகத்தானே ஐயா இதையே செஞ்சேன்!”

“அதனாலதான் அவனுக்கு நல்ல இடமா கொடுக்கிறோம். பெஞ்சில உட்காரவச்சு மரியாதை பண்றோம்.” பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னார்: “குதிரைக்கு ஒண்ணும் இல்லை. குதிரை தகுதியானது. அது ஆடலாம்.”

திறப்பு விழாவை ஆண்டுப் போட்டி நாளிலேயே வைத்தார்கள். ஊரே மைதானத்துக்கு வந்தது. பெரிய திரையை நிறுத்த மைதானத்தின் பக்கம் இடம் போதவில்லை. ஆகவே எதிர்ப்பக்கம் நிறுத்தி, நாற்காலிகளையெல்லாம் திருப்பிப் போட்டார்கள். திரையை முன்னாலும் மைதானத்தை முதுகுக்குப் பின்னாலும் வைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் உட்கார்ந்தோம். யாருக்கும் அது வினோதமாகத் தோன்றவில்லை. மெத்தை போட்ட நாற்காலிகள்.

முன்வரிசையில் ஜூமார்ட். சிவப்பு ரிப்பன் கட்டிய ஜாய்ஸ்டிக் அவன் கையில்.

பெரியவர் ஆசி கொடுத்தார். ஆறு நிமிடம், பதினோரு நிமிடம், தடுப்பூசி, முன்னோர்கள், குதிரைகளின் முன்னோர்கள். ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. சொல்வதற்கென்ன, அருமையாக இருந்தது. கெரிம்குல் என் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் ஒலிக்கும் தன் குரலைக் கேட்டுத் தானே தலையசைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் உண்மையான குதிரைகள் குளிரில் நின்று நின்று பொறுமை இழந்தன. நடுவரும் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார் போலிருக்கிறது. குளம்புச் சத்தம் கேட்டது. அதுவும் திரையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்து, ஒலியமைப்பு நன்றாக வந்திருப்பதாக நான் மகிழ்ந்தேன்.

திரையிலும் ஆட்டம் தொடங்கியது. சாம்பல் குதிரைமேல் வேறு எவனோ இருந்தான்.

“அக்கா, நான் எங்கே?” என்றான் ஜூமார்ட்.

“ஓரத்துல பாரு. பெஞ்சில.”

பெஞ்சில் நீலக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. ஜூமார்ட் ஒரு பொத்தானை அமுக்கினான். உருவம் கைதட்டியது. இன்னொன்றை அமுக்கினான். அதற்கும் கைதட்டியது. எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தான். பிறகு ஜாய்ஸ்டிக்கை நாற்காலிமேல் வைத்துவிட்டு, ஊன்றுகோல்களை எடுத்து எழுந்து, திரைக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றான்.

திரையில் தலைவர் கைதட்டினார். கூட்டம் ஆரவாரித்தது. மெதுவாக மறுபடியும் கைதட்டினார். இரண்டாம் முறையும் ஆரவாரித்தோம். பெண்கள் எழுந்து நின்றார்கள். கெரிம்குல் அழுதே விட்டார்.

ரீப்ளே முடிந்து ஒரு கணம் அமைதி. திரையில் தலைவர் அடுத்த உரைக்கு மைக் முன்னால் வந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் எங்கள் முதுகுக்குப் பின்னால் உண்மையான மைதானத்தில் எவனோ ஒரு பையன் உண்மையான ஆட்டோடு மூன்று பேரைப் பிளந்துகொண்டு வந்து கொப்பரையில் போட்டிருக்கிறான். போட்டுவிட்டு, குதிரையை இழுத்து நிறுத்தி, நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்திருக்கிறான். எண்ணூறு பின்னந்தலைகள். யாரும் கத்தவில்லை. திருட்டு ஆட்டோடு நிற்கிறவன்போல நின்றானாம்.

ஜூமார்ட் ஒரு ஊன்றுகோலைக் கீழே போட்டான். கையை வாயருகே குவித்துக்கொண்டு, நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் கூட்டி, அந்தப் பையனின் பெயரை நீட்டிக் கத்தினான்.

“தீ-லே-ஏ-ஏ-க்!”

கூட்டமே அவன் பக்கம் திரும்பியது.

“உஷ்! ஒளிபரப்பு நடக்குதில்ல?”

ஊரே சேர்ந்து சொன்னது அது. ஆனால் முதலில் சொன்னவன் நான்.