டைம்கீப்பர் அண்ணாச்சியின் இங்கிலீஷ் கோபம்

தமிழில் கோபப்படத் தெரியாத டைம்கீப்பர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இருந்தார். இளவயதில் மலை எஸ்டேட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வேலை பார்த்தவர். துரைக்கு வந்த கோபமெல்லாம் அண்ணாச்சிக்கு மனப்பாடம்.

எழுபதுகளின் கடைசியில் நான் தினமும் வாசுதேவநல்லூருக்கு வேலைக்குப் போய்வந்தேன். ஒருநாள் டிரைவர் மாடசாமி பஸ்ஸைத் தாமதமாகக் கொண்டுவந்தான்.

“யூ ஆர் டிரைவிங் மீ அப் தி வால்!” என்று கத்தினார் அண்ணாச்சி. என்னைப் பைத்தியமாக்குகிறாய் என்று அர்த்தம்.

மாடசாமி பதறிவிட்டான். “யார் வாலு மேலயும் ஏத்தலை அண்ணாச்சி! ஒரு நாய் குறுக்க வந்துச்சு, அதுக்கும் பிரேக் போட்டுட்டேன்.”

“தமிழ்லயே ஏசலாம்லா?” என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“தமிழ்ல ஏசுனா அவனுக்கு வலிக்கும்லா. இதுன்னா அவனுக்கும் புரியாது, எனக்கும் ஆறிரும்.”

பிறகொரு நாள் காலை மாடசாமி ரொம்பவே தாமதம். பிரசவ வலியெடுத்த மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஓடிவந்ததை அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அன்று பார்த்து பஸ் முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். அவரிடம் அவன் காரணம் சொல்வதற்குள், “நாளையிலருந்து நீ வர வேண்டாம்லே!” என்றார்.

அண்ணாச்சி நடுவில் பாய்ந்தார். “ஐ ஆம் அட் தி எண்ட் ஆஃப் மை ரோப், சார்!” இதற்குமேல் பொறுக்க முடியாது என்று அர்த்தம்.

முதலாளி இங்கிலீஷ் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்பவர். “ரோப்பா? கண்டக்டர் இழுக்குற பெல் கயிறா அறுந்துட்டு? அதை மொதல்லயே சொல்லப்படாதா வே?”

அண்ணாச்சி மாடசாமியைப் பார்த்தார். “ஆமா மொதலாளி. அறுந்துட்டு. கட்டிட்டு வர லேட்டாயிட்டு.” “சரி, நாளைக்கும் அவனே ஓட்டட்டும்” என்று முதலாளி ஜீப்பில் ஏறினார்.

ஜீப் போனதும், “இங்கன நின்னு என்னலே முழிக்க? ஆஸ்பத்திரிக்கு ஓடு!” என்று அவனை விரட்டினார். பின்னாலேயே கண்டக்டரையும் சேதி கேட்டுவர அனுப்பினார்.

மாற்று டிரைவர் ஏறி உட்கார்ந்தும் பஸ் நகரவில்லை. “பஸ்ஸு போவுமா, போவாதா?” என்று உள்ளே ஒரே கூச்சல். அண்ணாச்சி ஆஸ்பத்திரி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கண்டக்டர் ஓடிவந்தார். “அண்ணாச்சி, பொட்டப்பிள்ளை! ரெண்டு பேரும் சொகம்!”

அண்ணாச்சி விசிலை வாயில் வைத்தார். காற்றுத்தான் வந்தது, சத்தம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில், நேரத்துக்குக் கிளம்பிய எத்தனையோ பஸ்களில் போயிருக்கிறேன். அன்று நகராமல் நின்ற அந்த பஸ்ஸின் மேல் வந்த பிரியம் வேறு ஒன்றின் மேலும் எனக்கு வந்ததில்லை.