மாப்பிள்ளையின் ஜீப்புக்கு நான் அளவெடுத்த பின்பக்க ஆக்ஸில்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார், தையல் மெஷின் மேல் தாளை விரித்து எழுதுவது. கப்பலில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவி மூவரும் சுகம். உங்கள் ஜீப்பும் இப்போது சுகம். 'இப்போது' என்று ஏன் எழுதினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நின்றுகொண்டு படிப்பதானால் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மலை மேல் மாடு வைத்திருப்பவர்களுக்கு பஸ் கிடையாது, ரோடு கிடையாது, மாட்டு டாக்டர் என்று என் மகள் ஒருத்திதான் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். போன மாதம் அவள் உங்கள் ஜீப்பில் தடுப்பூசிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மேலே கிளம்பியபோது, "பொண்ணு தனியா போறா, துணைக்குப் போங்களேன்" என்று உங்கள் அத்தை என்னை ஏற்றிவிட்டாள். நான் துணைக்குப் போனால் எனக்கு ஒரு துணை வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. போகும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது, மெஷினில் ஊசி ஒடிந்தால் ஒரு சத்தம் வருமே, அதே சத்தம், ஆனால் ஊசி தொடைப் பருமன் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அடுத்த நிமிஷம் என் பக்கமாக ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு போனது. "பாவம், யாரோடதோ கழண்டு ஓடுது பாரும்மா" என்றேன்.

"நம்மளதுதான்பா. உங்க பக்கம் பள்ளம், கதவைத் திறக்காதீங்க. மெதுவா என் பக்கம் நகருங்க."

வண்டியை மலையோரமாக மண்ணில் அணைத்து நிறுத்திவிட்டுத்தான் இதைச் சொன்னாள். ஊசி போடுவதற்கு முன்னால் மாட்டிடம் பேசுகிற குரலில் சொன்னாள். நானும் மாடு மாதிரியே ஒன்றும் கேட்காமல் நகர்ந்தேன். வீட்டுக்கு வந்து சில நாள் எனக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. ஒருவருக்கு பேன்ட்டில் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. அவர் நல்லவர், நொண்டி நொண்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வண்டியை இழுத்து வந்த மெக்கானிக்கை நீங்கள் அறிவீர்கள், போல்ட்டு என்று கூப்பிடுவார்களே, அவன்தான். பின் ஆக்ஸிலில் ஒடிந்த ஷாஃப்ட்டுக்குப் பதிலாகப் பழைய மாதிரியே ஒன்று போட்டால் போதுமா என்று கேட்டேன்.

"போடலாம் டெய்லரே. மறுபடியும் ஒடியும், மறுபடியும் போடலாம். எனக்கு நல்லதுதான்."

"ஒடியாத ஷாஃப்ட் இல்லையா?"

"உலகத்துல ஒடியாத இரும்பு கிடையாது. ஒடிஞ்சா என்ன ஆகும்னு கேளுங்க. இந்த வண்டியில ஷாஃப்ட்டுதான் சக்கரத்தைச் சுத்துது, அதுவேதான் வண்டியோட பாரத்தையும் தாங்குது. அது ஒடிஞ்சா சக்கரம் டாட்டா காட்டும். பெரிய வண்டி ஆக்ஸில்ல பாரம் முழுக்க வெளி உறை மேல. உள்ள இருக்கிற ஷாஃப்ட்டுக்குச் சுத்துற வேலை மட்டும். அது ஒடிஞ்சாலும் சக்கரம் இருந்த இடத்துல இருக்கும்."

நான் எட்டாவது தாண்டாதவன் என்றாலும் இது எனக்குப் பளிச்சென்று புரிந்தது. கோட்டுக்கு உள்ளே கான்வாஸ் வைப்பதே அதற்குத்தான். பாரத்தை அது தாங்கும், துணி அழகாகத் தொங்கினால் போதும். சக்கரம் கழலாத ஆக்ஸில்தான் வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. நடுக்கடலில் சிக்னல் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மையில், இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

உங்கள் மனைவி ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டாள்: "உள்ள இருக்கிற கியரோட பல் கணக்கு முன் ஆக்ஸிலோட ஒத்துப்போகுதான்னு பார்த்துக்கோங்கப்பா, இல்லன்னா நாலு சக்கரமும் ஒண்ணா இழுக்காது." அதைப் போல்ட்டு பார்த்துக்கொண்டான். அளவெடுக்கும் வேலையை மட்டும் என்னிடம் விடச் சொன்னேன். ஆயுளெல்லாம் அளவெடுத்தவனுக்கு ஒரு இரும்பை அளக்கத் தெரியாதா என்கிற திமிர். பழைய வண்டி உடைக்கிற கடையில் கிடைத்த பெரிய ஆக்ஸிலை நாம் தரும் அளவுக்கு வெட்டிச் சுருக்கிப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். நான் கழுத்து டேப்போடு வண்டிக்கு அடியில் படுத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அளந்து, கைப்பழக்கத்தில், தையலுக்கு இரண்டு விரல், பின்னால் பெருத்தால் பிரித்துவிட இரண்டு விரல் என்று பக்கத்துக்கு நாலு விரல் கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டேன். இரும்பு பெருக்காது என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

உங்கள் வீட்டு ஷெட்டிலேயே வைத்து மாட்டினார்கள். மாட்டி முடித்து எழுந்து நின்ற போல்ட்டு, வண்டியைப் பின்னாலிருந்து வெகுநேரம் பார்த்தான். முன் சக்கரம் இரண்டும் அடக்க ஒடுக்கமாக இருக்க, பின் சக்கரம் இரண்டும் மட்கார்டுக்கு வெளியே இடுப்பில் கை வைத்த மாதிரி நின்றன. "டெய்லரே, ஓட்டத்துக்கு ஒரு குறையும் இல்ல. பார்க்கத்தான் கொஞ்சம் சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு" என்றான். சண்டை உங்கள் வாசல் கேட்டோடு வந்தது. முன் பாதி வெளியே போனது, பின் பாதி போகவில்லை. உங்கள் பெயர்ப் பலகை பதித்த தூணை இடித்துத்தான் வண்டியை வெளியே எடுத்தோம். பலகையைப் பத்திரமாகத் துடைத்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். தபால்காரர் மட்டும் கொஞ்சம் குழம்புகிறார்.

இனிமேல்தான் நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஆக்ஸில் பலமானதுதான். எனக்குத்தான் பலம் போதவில்லை. அவள் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். மேலே போக வேண்டாம், கீழே ஆஸ்பத்திரியிலேயே இருந்து பாரு என்று சொல்லிப் பார்த்தேன்.

"மாடு டோக்கன் வாங்கிட்டு இறங்கி வருமாப்பா?"

"உனக்கு ஏதாவது ஆனா?"

"அதுக்குத்தானே நீங்க ஊரையே இடிச்சு ஆக்ஸில் மாத்தினீங்க."

நான் சொன்னால் அப்பா பயப்படுகிறார் என்பாள். நீங்கள் சொன்னால் யோசிப்பாள். மலைக்குப் போகிற வேலையை வேறு யாருக்காவது மாற்றிக்கொள் என்று அவளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். நான் எழுதச் சொன்னேன் என்று மட்டும் எழுத வேண்டாம்.

நீங்கள் போகிற கடலெல்லாம் அடங்கிக் கிடக்கட்டும். உங்கள் அத்தையின் ஆசிகளும் இதோடு வருகின்றன. தூணைப் பற்றி உங்களிடம் சொல்லக் கூடாது என்றாள், சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள், மேலேயிருந்து ஒரு அம்மா மூச்சிரைக்க இறங்கி வந்து வாசலில் நின்றார். பசுவின் வயிற்றில் கன்று வெளியே வராமல் குறுக்கே நிற்கிறதாம். அந்த வீட்டுக்கு அந்த ஒரு பசுதானாம். உங்கள் மனைவி பையை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள், கிளம்பவில்லை. நான் வேண்டாம் என்றால் நின்றுவிடுவாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "என்னம்மா நிக்கிற, ஏறு" என்றேன். நானும் ஏறினேன். யாரும் என்னை ஏற்றிவிடவில்லை.

இதை மேலே கொட்டகையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அதனால் மாப்பிள்ளை, நான் கேட்ட இரண்டு வரியை எழுத வேண்டாம். எழுதினாலும் நான் அவளிடம் கொடுக்க மாட்டேன். தோள்வரை கையை உள்ளே விட்டிருக்கிறாள், பசுவும் அவளும் சேர்ந்து மூச்சு வாங்குகிறார்கள். "அப்பா, எழுதினது போதும், வந்து இந்தக் கயித்தைப் பிடிங்க" என்கிறாள். பிடிக்கப் போகிறேன்.