எல்லை தாண்டிய பாதாம் இலை

ஊன்றுகோலை மதிலில் சாய்த்துவிட்டு, பக்கத்து வீட்டு சர்வேயர் ஒரு பாதாம் இலையைக் காம்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். நிலம் அளந்தே ஓய்வுபெற்ற மனிதர். இலையைக்கூட ஆக்கிரமிப்பாகத்தான் பார்த்தார்.

"டெய்லர், இது யாரோடது?"

"எங்க மரத்தோடதுதான் சார். இலை கொட்டுற பருவம். தானா நின்னுடும்."

"எங்க வாசல்ல கிடந்துச்சு. இனி ஒண்ணு விழுந்தாலும் மரத்தையே எடுக்கச் சொல்லி மனு போடுவேன்."

மேற்கு வெயிலை மறைத்து டெய்லருடைய தையல் அறையைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததே அந்த மரம்தான். அது போனால் மத்தியானத்துக்கு மேல் மெஷினில் கை வைக்க முடியாது.

அன்றைக்கே ஏணி போட்டு ஏறினார். சாக்கட்டியால் குறி வைத்து, மதில் பக்கத்துக் கிளைகளைச் சட்டைக்குக் கை வெட்டுவதுபோல் வெட்டினார்.

"துணியா இது, தப்பா வெட்டினா மடிச்சுத் தைக்கிறதுக்கு?" என்றாள், கீழே ஏணியைப் பிடித்திருந்த மனைவி. "இலை கொட்டி முடியற வரைக்கும் கிளையில கை வைக்காதீங்கன்னு நர்சரிக்காரர் சொன்னாரில்ல?"

"நீ ஏணியைப் பிடி."

மறுநாள் சர்வேயர் மூன்று இலைகளோடு வந்தார். மரமோ, ஒரு பக்கத்துப் பாரம் குறைந்ததில், தெருவில் போகிறவர்களிடம் ரகசியம் சொல்வதுபோல் சாய்ந்து நின்றது.

டெய்லர் கைவசமிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு, கொசுவலைத் துணியில் மரத்துக்கு ஒரு சட்டை தைத்தார். கழுத்துக்கு நாடா, இடுப்புக்கு எலாஸ்டிக். கச்சிதமாகப் பொருந்தியது.

"மரத்துக்கு நல்லா அளவெடுக்கிறீங்க" என்றாள் மனைவி. "நான் குடுத்த துணி போன வருஷத்திலேருந்து பெட்டியிலயே தூங்குது."

சாயங்காலம் அடித்த காற்றில் அந்தச் சட்டை உப்பியது. இருந்ததிலேயே பெரிய கிளை ஒன்றை முறித்துக்கொண்டு கீழே வந்தது. விடிந்ததும் சர்வேயர் ஒரு கைப்பிடி இலையோடு ஆஜரானார்.

"கிளை உங்க பக்கம் விழுந்திருக்கு, சரி. இலை மட்டும் ஏன் எங்க பக்கமே வருது?"

டெய்லர் மறுபடி ஏறினார். மிச்சமிருந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே பறித்தார். பறித்ததையெல்லாம் வேருக்கு உரமாக இருக்கட்டும் என்று மரத்தடியில் குவித்தார். இறங்கிப் பார்த்தபோது, மரம் துக்க வீட்டில் நிற்கும் ஆள்போல் நின்றது.

"இனிமே விழறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

மறுநாள் சர்வேயர் ஒரு பை நிறைய இலை கொண்டுவந்து மதில்மேல் கொட்டினார். முகத்தில் நல்ல தெம்பு.

டெய்லர் இலைகளைப் பார்த்தார். மொட்டை மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு போய் மரம் வெட்டுகிறவரைக் கூட்டிவந்தார்.

வெட்டுகிறவர் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்க, டெய்லர் தையல் அறைக்குள் போய் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"பார்க்க மனசு வரலைன்னா ஏன் வெட்டச் சொல்றீங்க?" என்றாள் மனைவி.

"மனு, விசாரணைன்னு அலைஞ்சா மரமும் போகும், மானமும் போகும். மரத்தோட போகட்டும்."

வெளியே ரம்பம் உறுமியது. அடுத்த நிமிஷம், சர்வேயரின் மருமகள் ஈரக் கையோடு மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தாள்.

"அண்ணா, முதல்ல அந்த மெஷினை நிறுத்தச் சொல்லுங்க. மாமா தினமும் நடந்தே ஆகணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு, உங்ககூடச் சண்டைன்னாத்தான் அவரு கட்டிலை விட்டே இறங்குறாரு. மரம் போயிடுச்சுன்னா, விடியறதுக்கு முன்னாடி எங்க வாசல்ல கொட்டி வைக்க நான் இலைக்கு எங்க போவேன்?"