பூனைக்கு ஒரு வியாதி வேண்டும்

"மிருகம் இல்லாதவங்க இங்க உட்காரக் கூடாதும்மா—"

"நான் ஒரு ஓரமா, சத்தமே போடாம—"

"சத்தம் போட்டா என்ன, போடாட்டி என்ன? உங்க மிருகம் எங்க?"

"எனக்கு மிருகம் கிடையாதுங்க. நான் வரையறவ."

"வரையறவங்களுக்கு இங்க வைத்தியம் இல்ல. எழுந்திருங்க!"

கம்பவுண்டர் கையை வாசல் பக்கம் நீட்டிவிட்டார். ஓவியக் கல்லூரி மாணவி பென்சிலையும் அட்டையையும் பொறுக்கிக்கொண்டு எழுந்தாள். காசு வாங்காத மிருக ஆஸ்பத்திரியிலேயே இத்தனை கெடுபிடி.

அவள் சிக்கல் அவளுக்கு. போன வாரம்தான் ஓவிய வாத்தியார் அவளுடைய படங்களை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, எல்லா நாய்க்கும் கண்ணுல ஒரே இடத்துல ஒரே வெள்ளைப் புள்ளி எப்படி வந்துச்சு?"

"அது... வெளிச்சம் சார்."

"வெளிச்சம்தான். கேமரா வெளிச்சம். போன்ல போட்டோவைப் பார்த்து வரைஞ்சிருக்கே. மாசக் கடைசிக்குள்ள ஒரு கத்தைப் படம் வரணும். மிருகம் உயிரோட எதிர்ல இருக்கணும், அது மூச்சு விடறதைப் பார்த்து நீ வரைஞ்சிருக்கணும். இல்லேன்னா அடுத்த வருஷ வகுப்புல உனக்கு இடம் கிடையாது."

அவளும் தெருத் தெருவாக அலைந்தாள். தெரு நாய்க்கு முதுகுக் கோடு போட்டு நிமிர்ந்தால், முதுகு அடுத்த தெருவில் இருந்தது. கோழி அசையாமல் இருக்க வேண்டுமானால் அது சட்டிக்குள்தான் இருக்க வேண்டும். மிருகங்கள் பயத்தில் சிலையாகச் சமைந்து உட்காரும் ஒரே இடம் ஆஸ்பத்திரிக் கூடம்தான் என்று கண்டுபிடித்து வந்தால், இங்கே கம்பவுண்டர்.

நேரே வீட்டுக்குப் போய் அத்தையிடம் நின்றாள். அப்பாவின் அக்கா. அவள் தங்கிப் படிப்பது அத்தை வீட்டில்தான்.

"அத்தே, மந்திரியைக் கொஞ்ச நேரம் தருவீங்களா? வரையணும்."

மந்திரி என்பது பூனை. ஒரு வேலையும் செய்யாமல் சகல மரியாதையும் பெற்றுக்கொள்வதால் அந்தப் பெயர்.

"பத்திரமா கொண்டு வந்து சேர்த்துடு. அவன் மேல ஒரு கீறல் விழுந்துது, நீ ஹாஸ்டலுக்கு மூட்டை கட்டவேண்டியதுதான்" என்றாள் அத்தை.

மறுநாள் மந்திரியைக் கூடையில் தூக்கிக்கொண்டு போனாள்.

"பூனைக்கு என்ன?" என்றார் கம்பவுண்டர்.

அவள் அதை யோசித்து வைக்கவில்லை. "இருமல்."

"உட்காருங்க."

உட்கார்ந்தாள், வரைந்தாள். எதிரே கிளிக்கூண்டோடு ஒரு பெரியவர். பக்கத்தில் நொண்டும் நாயோடு ஓர் அம்மாள். கிளி தலையைச் சாய்த்து அவளையே பார்த்தது. கழுத்து எங்கே முடிகிறது, இறக்கை எங்கே தொடங்குகிறது என்று அவள் முதல் முறையாக நிஜமாகவே பார்த்தாள். பென்சில் தானாக ஓடியது.

கிளிக்காரர் எட்டிப் பார்த்தார். "அட, நம்ம பய! அதே திமிர்!"

அவள் வெட்கத்தோடு அந்தத் தாளைக் கிழித்து அவரிடமே கொடுத்துவிட்டாள். நாய்க்கார அம்மாள் அதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

இருமலே இல்லாத பூனைக்கு டாக்டரம்மா இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். சாயங்காலமே அத்தை அவள் பையில் பாட்டிலைப் பார்த்துவிட்டாள்.

"யாருக்குடி இருமல்?"

"எனக்குத்தான் அத்தே."

"அப்ப குடி. ரெண்டு மூடி. என் கண்ணு முன்னால."

மருந்தில் மீன் நாற்றம் அடித்தது. இரண்டு மூடியையும் குடித்தாள். மந்திரி பக்கத்தில் உட்கார்ந்து நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு பார்த்தான்.

தினமும் போனாள். தினமும் மந்திரிக்கு ஒரு வியாதி வேண்டியிருந்தது. காதில் அரிப்பு, கண்ணில் நீர், தூக்கமின்மை. 'பூனைக்கா தூக்கமில்லை?' என்று கம்பவுண்டர் கூடைக்குள் பார்த்தபோது மந்திரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

கூடத்தில் கூட்டம் நாளுக்கு நாள் கூடியது. ஆனால் எவ்வளவு நல்ல மனுஷர்கள்! வியாதிக்கார மிருகங்களை மடியில் வைத்துக்கொண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு, "நீங்க முன்னால போங்க, எங்களுக்கு அவசரமில்ல" என்று வழிவிட்டார்கள். நாய்க்கார அம்மாள் நாயைக் குளிப்பாட்டி, சீவிக் கூட்டிக்கொண்டு வந்தாள். கிளிக்காரர் கூண்டைத் துலக்கி வைத்திருந்தார். "ஆடாதேடா, அக்கா வரையறாங்க" என்று கிளியை அதட்டினார். கேட்டவர்களுக்கு அவளும் ஒவ்வொரு படம் கிழித்துக் கொடுத்தாள். வேறு என்ன கைம்மாறு செய்வது?

டாக்டரம்மாதான் ஓய்ந்துபோனார். "என்ன மாசம்டா இது! வந்த மிருகம் ஒண்ணுக்கும் குணமாக மாட்டேங்குது. என் வைத்தியத்துலதான் கோளாறா?" என்று கம்பவுண்டரிடம் புலம்புவது கூடம் வரை கேட்டது. அவளுக்குச் சுருக்கென்றது.

பாதிக் கத்தையை வாத்தியாரிடம் காட்டினாள். அவர் முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

"உயிர் வந்திருக்கு, சரி. ஆனா இந்த நாய்க்கு நொண்டுற கால் எது? ஒரு படத்துல இடது, இன்னொண்ணுல வலது. ஒழுங்கா பார்த்து வரைம்மா!"

தன் கண்ணிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் வியாதிகளெல்லாம் தீர்ந்துவிட்டன.

"சாப்பிடறதே இல்ல டாக்டரம்மா" என்றாள்.

டாக்டரம்மா மந்திரியை எடை மெஷினில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"சாப்பிடறதே இல்லையா?"

"ஒரு வாய் கூட."

"சாப்பிடாமலே எடை கூடியிருக்கே! அப்ப வயித்துல கட்டிதான். நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கம்பவுண்டர் முந்திக்கொண்டு, பூனையை வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொல்லி, சீட்டில் எழுதியிருந்த வீட்டு நம்பரில் அத்தைக்குப் போன் செய்துவிட்டார். அத்தை கதவைத் திறந்ததும் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"என் தங்கமே! நான் தாங்கமாட்டேன்னு வியாதியை மறைச்சியா? அவன் மருந்தை நீ குடிச்சுக் காட்டினியா? தினம் தூக்கிட்டு ஓடினியா? பெத்த பிள்ளை செய்யுமா இதை!"

"அத்தே, அது வந்து—"

"ஒண்ணும் சொல்லாதே. இந்த நன்றிக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்!"

திட்டுகிறவளிடம் உண்மையைச் சொல்லலாம். நன்றி சொல்லி அழுகிறவளிடம் எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலை கூடம் நிரம்பி வழிந்தது. பட்டினி கிடந்த மந்திரி ஊரைக் கூட்டினான். அத்தை தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கையுறை மாட்டியபடி வெளியே வந்து கூடைக்குக் கை நீட்டினார்.

அவள் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் டாக்டரம்மா! இவனுக்கு ஒண்ணுமே இல்ல. இருமல் இல்ல, அரிப்பு இல்ல, கட்டியும் இல்ல. நல்லாத் திங்கறான். காலேஜுக்காக மாசக் கடைசிக்குள்ள இங்க உட்கார்ந்து வரையணும்கிறதுக்காக எல்லாம் நான் சொன்ன பொய்!"

மந்திரி கூட வாயை மூடிக்கொண்டான்.

"அடிப்பாவி!" என்றாள் அத்தை. பிறகு, "கட்டி இல்லையா? நிஜமா இல்லையா?" என்று கூடையைப் பிடுங்கிப் பூனையை முத்தமிட்டாள். "நீ வாடி வீட்டுக்கு, உனக்கு இருக்கு. அப்பாடா, கட்டி இல்லையாம்!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"சுத்திப் பாரும்மா. எத்தனை வாயில்லா ஜீவன் நோவோட காத்துக்கிடக்கு. இதுங்களுக்குச் சேரவேண்டிய நேரத்தை நீ எடுத்துக்கிட்டே."

அவள் தலை குனிந்து, தன் படங்களைக் கத்தையோடு நீட்டினாள். டாக்டரம்மா புரட்டினார். கூண்டுக் கம்பியை அலகால் பற்றிய கிளி. எஜமானி முழங்காலில் மோவாயை வைத்த நாய். ஊசிக்குப் பயந்து காதை மடித்த முயல். ஒரு தாளில் அவர் விரல் நின்றது. அதில் ஆட்டுக்குட்டியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் அவரே.

"என்னை இப்படி யாரும் பார்த்ததில்ல" என்றார் மெதுவாக. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. நாளையிலேர்ந்து பூனையும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். மாசக் கடைசி வரைக்கும் சும்மா வந்து உட்கார்ந்து வரை. கம்பவுண்டர், இந்தப் பொண்ணுக்கு ஒரு ஸ்டூல் போடு."

அவள் கண் நிறைந்துவிட்டது. டாக்டரம்மாவைக் கும்பிட்டாள், கம்பவுண்டரையும் கும்பிட்டாள். அதுவும் போதாமல் கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எல்லாரும் என்னை மன்னிக்கணும். உங்க மிருகங்க நோவோட இருக்கும்போதும் எனக்காக ஆடாம அசையாம உட்கார வச்சீங்க. இந்த நன்றியை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்."

நாய்க்கார அம்மாள் மின்விசிறியைப் பார்த்தாள். முயல் வைத்திருந்தவர் முயலின் காதைத் தடவித் தடவிச் சரிசெய்தார். கிளிக்காரர் மட்டும் மெல்ல எழுந்து, கூண்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, டாக்டரம்மாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்ப டாக்டரம்மா, நாளையிலேர்ந்து நாங்களும் வியாதி எதுவும் சொல்லாமலே வரலாமா?"