முன்சீட்டுக்கு வந்த சூடு

இனிமேல் சனிக்கிழமைகளில் பூனாகலைக்குப் போவதில்லை என்று நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். ஆண்பிள்ளை எடுத்த தீர்மானம். குளியலறையில், கதவைத் தாழிட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் எடுத்தேன்.

என் பெயர் இந்திரஜித். இந்திரனையே ஜெயித்தவன் என்று அர்த்தமாம். இந்திரனை ஜெயிப்பது பெரிய காரியமில்லை. அவன் கம்சலா அல்லவே. கம்சலா என் மனைவி. பதுளையில் எனக்கு ஒரு புடவைக் கடை இருக்கிறது. கடையில் நான் ஒரு வார்த்தை சொன்னால் ஆறு பேர் கேட்பார்கள். வீட்டில் கம்சலா ஒரு வார்த்தை சொன்னால் நான் ஒருவனே ஆறு பேர் மாதிரி கேட்பேன்.

சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்தியதும் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு பூனாகலைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே அவளுடைய அக்கா தயானி இருக்கிறாள். அக்கா புருஷன் விஜேந்திரனும் இருக்கிறார். அதுதான் விஷயம். என் சகலை விஜேந்திரன் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கிட்னியில் கல் எடுத்தார்கள். அந்தக் கல்லை ஒரு குட்டிப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் போத்தலை என் கையில் கொடுத்துவிட்டுக் கதையை ஆரம்பிப்பார். முதல் வருஷம் கல் மிளகு அளவு. மூன்றாம் வருஷம் கடலை அளவு. இப்போது கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்திருக்கிறது, அவர் வாயில். போத்தலுக்குள் அது இன்னும் மிளகுதான். நான் ‘அடேயப்பா’ சொல்ல வேண்டும். ஐந்து வருஷமாகச் சொல்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை மத்தியானம் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பாயை விரித்துப் போட்டு, ஐந்து மணி வரை தூங்க வேண்டும். அதைக் கம்சலாவிடம் கேட்டுவிடலாமே என்பீர்கள். கேட்கிற தைரியம் இருந்தால் நான் ஏன் குளியலறையில் தீர்மானம் எடுக்கிறேன்?

யோசனை கிடைத்த இடம் ஷுக்ரியின் வேலைத்தலம். ஷுக்ரி வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்கிறவர். என் காரின் குடும்ப டாக்டர். என் கார் பழைய ஸ்ரீ நம்பர் பிளேட் வண்டி, நாற்பது வயது. ஹோர்ன் அடித்தால் வைப்பர் ஆடும். பிரேக் பிடித்தால் ரேடியோ பாடும். எந்த வயர் எங்கே போகிறது என்பது ஷுக்ரிக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். அன்றைக்கு அவர் எல்ல ஊர் ஹோட்டல்காரர் ஒருவரின் வேன் சீட்டுக்குள் மெல்லிய மெத்தை போல ஏதோ ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தார்.

“இது என்னா ஷுக்ரி?”

“சீட் ஹீட்டர் மொதலாளி. விடியக் காலையில வெள்ளக்காரங்கள மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்கள்ல, குளிருதாம். சுவிச்ச அமுக்குனா அஞ்சு நிமிஷத்துல முதுகெல்லாம் சூடாயிரும்.”

“பழைய காருக்குப் போடலாமா?”

“பேட்டரி இருந்தா மாட்டு வண்டிக்கும் போடலாம்.”

என் மூளையில் விளக்கு எரிந்தது. எங்கள் ஆட்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் பயமில்லை. உடம்புச் சூடு என்றால் போச்சு. உலகமே நின்றுவிடும். சூடு பிடித்த உடம்போடு பயணம் போகக்கூடாது என்பது கம்சலாவின் வீட்டுச் சட்டம். அவள் முதுகு சூடானால் கார் திரும்பும். கார் திரும்பினால் பாய், தலையணை, தூக்கம்!

“இடது சீட்டுக்கு மட்டும் போடுங்க. உறைக்கு அடியில, வெளிய தெரியக்கூடாது. சுவிச்சு ஸ்டீரிங்குக்குக் கீழ, என் கைக்கு எட்டுற மாதிரி. வீட்டுல ஒரு வார்த்த மூச்சு விடக்கூடாது.”

ஷுக்ரி என் முகத்தை உருக்கமாகப் பார்த்தார். “வெளங்குது மொதலாளி” என்றார். கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. அவருக்கு என்ன விளங்கியது என்று எனக்கு விளங்கவில்லை.

முதல் சனிக்கிழமை ஹாலிஎலயைத் தாண்டியதும் சுவிட்சை அமுக்கினேன். தெமோதர வருவதற்குள் கம்சலா நெளிய ஆரம்பித்தாள்.

“என்னாங்க, முதுகெல்லாம் காந்துது.”

“அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலயே.”

“அடியில நெருப்பு வச்ச மாதிரி இருக்குங்க!”

“சூடுதான். நீ நேத்து அன்னாசி சாப்பிட்டல்ல. திரும்பிருவோமா?”

“அக்கா பார்த்துக்கிட்டு இருப்பாளே.”

“ஒடம்புதானே முக்கியம், கம்சலா” என்றேன். என் குரல் எனக்கே இனித்தது. காரைத் திருப்பினேன். அன்று மத்தியானம் ராஜா மாதிரி தூங்கினேன்.

ஐந்து மணிக்கு எழுந்தபோது கம்சலா ஃபோனில் யாருடனோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். குசினிக்குள் போய்ப் பார்த்தேன். நான் வாங்கி வந்த கோழியைக் காணோம்.

“கோழி எங்க?”

“பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டேன். கோழி சூடு.”

“சூடு உனக்குத்தானே?”

“ஒரே வீடு, ஒரே சட்டி. எனக்கு வந்தா ஒங்களுக்கு வராதா? இனிமே முட்டை இல்ல, கருவாடு இல்ல, மொளகா இல்ல. வல்லாரைச் சம்பலும் வெந்தயக் கஞ்சியும்தான்.”

“எத்தன நாளைக்கு?”

“சூடு எறங்குற வரைக்கும்.”

பரவாயில்லை என்று நினைத்தேன். தூக்கத்துக்காகக் கஞ்சி குடிப்பது தியாகம்தான். செவ்வாய்க்கிழமை காரை வீட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸில் கொழும்புக்குப் போய்ச் சரக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். வழியில் ரகசியமாக ஒரு கொத்து ரொட்டி சாப்பிட்டேன். அடுத்த சனிக்கிழமையை எண்ணிச் சந்தோஷமாக இருந்தேன்.

இரண்டாவது சனிக்கிழமையில்தான் குழப்பம் ஆரம்பமானது. ஹாலிஎலயில் சுவிட்சை அமுக்கினேன். தெமோதர வந்தது. கம்சலா நெளியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். சுவிட்சில் இரண்டு நிலை உண்டு. இரண்டாவதையும் அமுக்கினேன்.

“கம்சலா, முதுகு எப்படி?”

“ஜில்லுன்னு இருக்குங்க. கஞ்சி வேல செஞ்சிருச்சு.”

பண்டாரவளை வந்தபோது எனக்கு வேர்த்தது. வெளியே பனி இறங்குகிறது. ரோட்டில் போகிறவர்கள் ஸ்வெட்டரும் குல்லாவுமாகப் போகிறார்கள். நான் சட்டை நனைந்து உட்கார்ந்திருக்கிறேன். முதுகில் தோசைக்கல்லை வைத்தது போல எரிந்தது.

“என்னாங்க, ஒங்களுக்கு இப்படி வேர்க்குது?”

“எனக்கா? இல்லையே.”

“ஐயோ, என் சூடு ஒங்களுக்கு எறங்கிருச்சு!”

அதற்குள் பூனாகலை வந்துவிட்டது. தயானி அக்கா பாகற்காய்ச் சாறு பிழிந்து ஒரு கோப்பை நிறையக் கொண்டுவந்தாள். குடித்தேன். சகலை போத்தலைக் கையில் கொடுத்தார். அடேயப்பா என்றேன். வாயெல்லாம் கசப்பு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சூடாக வேண்டியவள் குளிர்கிறாள். குளிர வேண்டியவன் வேகிறேன். திங்கட்கிழமை காரில் இடது சீட்டில் நானே ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருகி, எட்டிச் சுவிட்சை அமுக்கினேன். பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். ஐஸ்! ஆக ஹீட்டர் செத்துவிட்டது. அப்படியென்றால் எனக்கு வந்த சூடு ஹீட்டர் சூடு இல்லை. சொந்தச் சூடு. நேரே ஷுக்ரியிடம் போனேன்.

“ஷுக்ரி, சாமான் பழுதாயிருச்சு.”

அவர் காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தார். “நல்லா வேல செய்யுது மொதலாளி.”

“நான் உக்காந்து பார்த்தேன். சூடே இல்ல.”

“சூடு போக வேண்டிய எடத்துக்குப் போகுது. நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க.”

“எந்த எடத்துக்கு?”

“என்கிட்ட கேக்காதீங்க மொதலாளி. நான் ரெண்டு பக்கமும் வாக்குக் கொடுத்தவன்.” மறுபடியும் அவருக்குக் கண் கலங்கியது. “இந்தக் காலத்துல இப்படி ஒரு புருஷன் பொஞ்சாதிய நான் பார்த்ததே இல்ல. நேத்தும் றஷீதாகிட்ட சொல்லிட்டு இருந்தேன்.”

றஷீதா அவர் மனைவி. இதில் அவளுக்கு என்ன வேலை? ரெண்டு பக்கம் என்றால் என்ன? கேட்டால் ரகசியம் வெளியே வரும். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வயரிங்காரர் நல்லா இருக்கிறது என்று சொன்னால் நல்லாத்தானே இருக்க வேண்டும்?

மூன்றாவது சனிக்கிழமை கடையை விட்டுப் புறப்பட்டதுமே இரண்டாவது நிலைக்குத் தள்ளினேன். எடுக்கவே இல்லை. கம்சலா சால்வையைப் போர்த்திக்கொண்டாள். “குளிருதுங்க” என்றாள். நான் வெந்துகொண்டிருந்தேன். கண்ணாடியை இறக்கினேன். மூடச் சொன்னாள். மூடினேன். பூனாகலையில் இறங்கும்போது முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அக்காவும் தங்கையும் சேர்ந்து என்னைக் கொல்லைப்புறத்தில் பலகை போட்டு உட்காரவைத்துத் தலையில் நல்லெண்ணெயை ஊற்றினார்கள். அந்தக் குளிரில், இடுப்பில் ஒரு துண்டோடு. பதுளைக்கு வந்தும் கஞ்சி. திங்கள் வல்லாரை. செவ்வாய் வெள்ளரிக்காய். நான் கண்ணாடியில் என் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தேன். வாரநாளில் எனக்கு ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காரில் ஏறினால் மட்டும் வருகிறது. இது என்ன வியாதி? சனி பகவானா?

நான்காவது சனிக்கிழமை சுவிட்சை அமுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அமுக்கினேன். பழக்கம். மறுபடியும் எனக்குத்தான். மறுபடியும் கொல்லைப்புறம், பலகை, துண்டு, எண்ணெய். சகலை ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். என்னையே உற்றுப் பார்த்தார்.

“சகல, சூடு எங்க ஆரம்பிக்குது?”

“முதுகுல. இடுப்புக்குக் கொஞ்சம் மேல.”

“வேர்க்குதா?”

“ரொம்ப.”

அவர் முகம் மலர்ந்தது. ஐந்து வருஷத்தில் நான் அவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. “கல்லு!” என்றார். “எனக்கும் அச்சு அசலா இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு. சந்தேகமே இல்ல. வெட்டித்தான் எடுக்கணும். நாளைக்கே பண்டாரவளையில காட்டுவோம், நான் கூட வர்றேன். ஒரு போத்தலும் கொண்டு வர்றேன்.”

எண்ணெய் கண்ணுக்குள் போனது. உண்மையாகவே பயந்துவிட்டேன். சாகப் போகிறவன் பொய்யோடு சாகக்கூடாது என்று தோன்றியது.

“கம்சலா!” என்று கத்தினேன். “நான் ஒரு பாவம் செஞ்சுட்டேன். ஒன் சீட்டுக்கு அடியில ஹீட்டர் வச்சேன். இங்க வராம இருக்கத்தான் ஒன்ன சுட்டேன். அந்தப் பாவம்தான் எனக்குக் கல்லா வந்துருச்சு.”

கம்சலாவின் கை என் தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

“தெரியும்” என்றாள்.

“என்னா தெரியும்?”

“மொத சனிக்கிழமையே றஷீதா ஃபோன் பண்ணிட்டா. ‘நாப்பது வயசுக் காருல பொஞ்சாதிக்கு மட்டும் சூடு சீட்டு பூட்டியிருக்காரு, நீங்க கொடுத்து வச்சவங்க’ன்னு ஒரே பாராட்டு. நீங்க சரக்கு எடுக்கப் போன செவ்வாய்க்கிழமை ஷுக்ரியக் கூப்புட்டேன். ‘எனக்கு எதுக்கு, வண்டி ஓட்டுற மனுசனுக்குத்தான் முதுகு வலி. அவருக்குத் தெரியாம அவரு சீட்டுக்கு அடியில மாத்திருங்க’ன்னேன். அந்த மனுசன் அழுதே போயிட்டாரு.”

நான் வாயைத் திறந்தேன். எண்ணெய் உள்ளே போனது. மூடினேன். யோசித்தேன். மூன்று வாரமாக என்னை நானே சுட்டுக்கொண்டிருக்கிறேன், என் கையாலேயே.

“அப்போ எனக்குக் கல்லு இல்லையா?”

“கல்லும் இல்ல, சூடும் இல்ல.”

சகலையின் முகம் வாடிவிட்டது. எழுந்து நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு உயிர் வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது.

“அப்போ இத்தன நாளா பாகற்காய்ச் சாறு எதுக்கு?”

“நீங்க எப்ப வாயத் தொறந்து உண்மையச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நீங்க சாறு குடிக்கத்தான் தொறந்தீங்க.”

வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கம். துண்டோடு உட்கார்ந்திருக்கிறவனுக்கு வெட்கம் இரண்டு மடங்காக வரும்.

“ஒங்களுக்கு என்னாதான் வேணும்? அதச் சொல்லுங்க மொதல்ல.”

“சனிக்கிழமை மத்தியானம் தூங்கணும்” என்றேன். எவ்வளவு சின்ன ஆசை!

“இதுக்கா இவ்வளவு வயரு? சரி, இனிமே சனிக்கிழமை நீங்க பூனாகலைக்கு வர வேணாம்.”

நம்ப முடியவில்லை. “நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“ஒரு சனிக்கிழமையும்?”

“ஒரு சனிக்கிழமையும்.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எண்ணெயால் இல்லை. இப்படிப்பட்டவளையா சுட்டோம் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன். அதற்குள் அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அக்கா! அவருக்கு இங்க வர முடியாதாம். இனிமே நீயும் அத்தானும் பதுளைக்கு வந்துருங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “வெள்ளிக்கிழமை பின்னேரம் நீங்க வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருங்க, ஞாயித்துக்கிழமை கொண்டாந்து விட்டுருங்க. சனிக்கிழமை முழுக்க நீங்க அத்தான்கூட நம்ம வீட்டுலயே இருக்கலாம்.”