பரிவுக் குழுவும் காயாத மையும்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு நெடுங்காலம் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் பொழுதைக் கழித்துவிட்டு, கடைசியில் ரப்பர் ஸ்டாம்புக்கான நிறமி மையைக் கண்டுபிடித்தது. இந்த மூன்றாவது சாதனையின் முழு மகிமையும் வெளிப்பட்ட இடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளை அலுவலகம். இரண்டாவது மாடி, தண்ணீர் கேன் வைத்திருக்கும் இடத்துக்கு அடுத்த அறை. அதற்குக் காரணமானவர் கிளை மேலாளர் அம்மையார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும்.

தலைமை அலுவலகம் அந்த ஆண்டு ஊழியர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தது. "மேலதிகாரி உங்கள்மீது அக்கறை காட்டுகிறாரா?" என்பது அதில் முதல் கேள்வி. பெயர் போட வேண்டாம் என்று சொன்னதுதான் தாமதம், இந்தக் கிளையில் ஒருத்தர் விடாமல் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டார்கள். பதறிப்போன தலைமை அலுவலகம், மேலாளர்களை எல்லாம் ஒரு குளிர்ப் பிரதேச விடுதிக்கு "பரிவுப் பயிற்சி"க்கு அனுப்பிவைத்தது. அங்கே மூன்று வேளையும் பிரமாதமான சாப்பாடு. சாப்பாட்டுக்கு நடுவில் கிடைத்த கொஞ்ச நேரத்தில், ரப்பர் ஸ்டாம்பு குத்தி வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள்.

மேலாளர் திரும்பி வந்தபோது கையில் ஒரு பெட்டி. அதற்குள் பூ ஸ்டாம்பு, பறவை ஸ்டாம்பு, வாசக ஸ்டாம்பு, சரிகை நாடா, ஓரம் வெட்டும் கத்தரிக்கோல். வந்த கையோடு "பரிவுக் குழு" ஒன்றை அமைத்தார். தலைவர் மேலாளர். செயலாளர், மேலாளர் தும்மினால் "ஆகா, என்ன ஒரு தும்மல்!" என்று சொல்லக்கூடிய கண்காணிப்பாளர். பொருளாளர், எதை வாங்கினாலும் மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்கிற கணக்கர். உறுப்பினர், தபாலம்மா.

தபாலம்மா என்பது அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர். வருகிற கடிதத்தில் "பெறப்பட்டது" என்றும், போகிற கடிதத்தில் "அனுப்பப்பட்டது" என்றும் முத்திரை குத்துவது அவள் வேலை. "உனக்குத்தான் இந்தத் துறையில அனுபவம் ஜாஸ்தி" என்று சொல்லி அவளைக் குழுவில் சேர்த்தார்கள். நாள் முழுக்கக் குத்திக் குத்தி அவளுக்கு வந்த தோள்வலி மட்டும்தான் நிரந்தரம். வேலை ஒப்பந்த வேலை. அனுமதி இல்லாமல் ஒரு நாள் வரவில்லை என்றால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது.

அப்படிப்பட்டவள் ஒரு காலையில் விடுப்புக் கடிதத்தோடு மேலாளர் அறைக்குப் போய் நின்றாள்.

"மேடம், எங்க அக்காவுக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. என்னைப் பாக்கணும்னு கேட்டுட்டே இருக்காளாம். லீவு வேணும் மேடம்."

மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். குழு அமைத்ததிலிருந்து பரிவு காட்ட ஒரு நோயாளிகூட அகப்படாமல் அவர் தவித்த தவிப்பு அவருக்குத்தான் தெரியும். "அடடா! என்னம்மா இது, முன்னாடியே சொல்லக்கூடாதா? இரு, இரு. கமிட்டியைக் கூப்பிடறேன்" என்று மணியை அடித்தார்.

தபாலம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனசா என்று நினைத்துக்கொண்டாள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டு, சோறு ஊட்டி, தன் படிப்பை நிறுத்திக்கொண்டு தங்கையைப் படிக்கவைத்தவள் அந்த அக்கா. ஊருக்கு ஒரு ராத்திரி பஸ் பயணம். அன்றைக்கே கிளம்பிவிடலாம், விடிந்ததும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்று மனதுக்குள்ளேயே பையை அடுக்க ஆரம்பித்தாள்.

குழுவின் அவசரக் கூட்டம் உடனே கூடியது. பொருள்: தபாலம்மாவின் அக்காவுக்கு, கையால் செய்த நலம்பெற வாழ்த்து அட்டை. முதல் விவாதம் மையைப் பற்றி.

"ரெண்டு ஜாதி மை இருக்கு. ஒண்ணு சாய மை. பேப்பருக்குள்ள ஊறிடும், சீக்கிரம் காஞ்சிடும். ஆனா வெயில் பட்டா மங்கிடும்" என்றார் மேலாளர். "இன்னொண்ணு பிக்மென்ட் இங்க். நிறமி மை. ஊறாது, மேலயே கெட்டியா, கம்பீரமா நிக்கும். நூறு வருஷமானாலும் மங்காது."

"உங்களை மாதிரியே மேடம்" என்றார் கண்காணிப்பாளர்.

"எங்க அக்கா அவ்வளவு நாள் இருக்க மாட்டா மேடம்" என்றாள் தபாலம்மா.

"நெகட்டிவா பேசாதே."

நிறமி மை ஒருமனதாகத் தேர்வு செய்யப்பட்டது. அடுத்து அட்டை. சாதாரணத் தாள் "நம்ம தரத்துக்கு" ஒத்துவராது என்று, கண்ணாடி மாதிரி முகம் தெரிகிற பளபள அட்டையை மேலாளர் எடுத்து வைத்தார். கண்காணிப்பாளர் அதில் தன் மீசையைச் சரிசெய்துகொண்டு, "இதுதான் மேடம் அட்டை" என்று சான்றளித்தார்.

"அப்ப லீவு மேடம்?"

"அதைத்தானேம்மா பேசிட்டிருக்கோம்! இந்தக் கார்டைத் தபால்ல அனுப்பினா அதுல பரிவு இருக்குமா? நீயே கையில எடுத்துட்டுப் போய் அக்காகிட்ட குடு. கார்டு ரெடியானதும் உன் லீவு லெட்டர்ல கையெழுத்துப் போடறேன். ரெண்டையும் ஒண்ணா வாங்கிட்டுக் கிளம்பு."

என்ன ஒரு நிர்வாகத் திறமை! விடுப்பையும் வாழ்த்தையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டார்.

மத்தியானம் மேலாளர் தன் பொற்கரத்தால் ஸ்டாம்பை மை ஊறிய பஞ்சில் மெதுவாக ஒற்றி, அட்டையில் பதித்தார். ஊதா நிறத்தில் ஒரு பெரிய பூ. அதன் கீழே "விரைவில் குணமடைக". அழகு என்றால் அப்படி ஓர் அழகு. எல்லோரும் கை தட்டினார்கள். கண்காணிப்பாளர் உணர்ச்சிவசப்பட்டுப் பூவைத் தொட்டார். பூ அவர் விரலோடு வந்துவிட்டது.

"காயட்டும். நாளைக்குக் கிளம்பிடலாம்" என்றார் மேலாளர், இன்னோர் அட்டையை எடுத்துக்கொண்டே.

மறுநாள் காயவில்லை. அதற்கு மறுநாளும் காயவில்லை. அட்டையை மின்விசிறிக்குக் கீழே வைத்தார்கள். ஜன்னல் ஓரம் வைத்தார்கள். வாடிக்கையாளர்கள் யாரும் அந்தப் பக்கம் வந்து மூச்சு விடக்கூடாது என்று கவுன்ட்டரை மூடினார்கள். கண்காணிப்பாளர் மணிக்கொரு தரம் போய் மோந்து பார்த்து, "முன்னேற்றம் தெரியுது மேடம்" என்று அறிக்கை கொடுத்தார்.

அக்கா மகள் போன் பண்ணினாள். "சித்தி, எப்ப வர்றீங்க? அம்மா வாசல் பக்கமே பாத்துட்டிருக்காங்க."

"இதோ வந்துடறேன்டி தங்கம். லீவு குடுத்துட்டாங்க. ஒரு சின்ன வேலை பாக்கி" என்றாள் தபாலம்மா. போனை அக்கா வாங்கினாள். மூச்சு இழுத்து இழுத்துப் பேசினாள். "சொல்லாம கொள்ளாம வந்துடாதே. கெடச்ச வேலையை விட்டுடாதே. அவங்க விட்டதும் வா. நான் இருக்கேன்." தபாலம்மா தண்ணீர் கேனுக்குப் பின்னால் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்து நேரே மேலாளரிடம் போனாள். "காயாட்டிப் பரவாயில்ல மேடம். நான் ஒரு டப்பாவுல வச்சு, யார் மேலயும் படாம எடுத்துட்டுப் போறேன்."

"ஈரக் கார்டா? நல்லாருக்கே! நம்ம கிளையோட மரியாதை என்னத்துக்கு ஆகும்? தலைமை அலுவலகத்துக்கு போட்டோ வேற அனுப்பணும்."

குழு மறுபடியும் கூடியது. கண்காணிப்பாளர் முதல் தடவையாக மை டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தார். படித்துவிட்டு வேர்த்துப்போனார். பளபள அட்டையில் இந்த மை தானாகக் காயாது. ஈரம் இருக்கும்போதே மேலே ஒரு பொடியைத் தூவி, சூட்டுக்காற்றுக் கருவியால் உருக்கினால்தான் பிடிக்கும் என்று அதில் போட்டிருந்தது.

"அது எனக்குத் தெரியாதா? நீங்களா கண்டுபிடிக்கறீங்களான்னு பாத்தேன்" என்றார் மேலாளர்.

"வேற தாள்ல குத்திடலாமே மேடம்" என்று தபாலம்மா கெஞ்சினாள்.

"எடுத்த முடிவை மாத்தறதா? மினிட்ஸ்ல ஏத்தியாச்சும்மா."

பொடி அன்றைக்கே கிடைத்தது. சூட்டுக்காற்றுக் கருவிக்குக் கடைக்காரர்கள் சொல்லும் பெயர் ஹீட் கன். கணக்கர் தூய தமிழ்ப் பற்றாளர். "வெப்பத் துப்பாக்கி - ஒன்று. நோக்கம்: பரிவு" என்று எழுதி, மூன்று விலைப்புள்ளிகளோடு தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே அது கொள்முதல் பிரிவுக்குப் போகாமல் பாதுகாப்புப் பிரிவுக்குப் போனது. துப்பாக்கிக்கு உரிமம் உண்டா, யாரைச் சுட உத்தேசம், ஊழியர்கள் ஏதாவது கலவரத்தில் இறங்கியிருக்கிறார்களா என்று விளக்கம் கேட்டு பதில் வந்தது. விளக்கம் போனது. விளக்கத்துக்கு விளக்கம் வந்தது.

இதற்கிடையே மேலாளர் பெரிய மனசு பண்ணி, வீட்டிலிருந்து தன் தலை உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்தார். பொடியைத் தூவிவிட்டு, அதைப் பூவுக்கு நேரே பிடித்து முழு வேகத்தில் முடுக்கினார். அதற்குச் சூடு போதாது, காற்று மட்டும்தான் ஏராளம். பொடி முழுக்கப் பறந்து கணக்கரின் டீயிலும் கண்காணிப்பாளரின் மீசையிலும் படிந்தது. அட்டையில் இருந்த பூ, இருந்த இடத்திலேயே ஈரமாக மினுமினுத்தது. தபாலம்மாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். "பாருங்க, நம்ம ஸ்டாஃபுக்குள்ள எவ்வளவு நெருக்கம் வந்திருக்கு!" என்று மேலாளர் பூரித்துப்போனார்.

அப்போதுதான் போன் வந்தது.

தபாலம்மா எடுத்தாள். அக்கா மகளின் அழுகைதான் கேட்டது. கடைசியில், "காலைலகூட சித்தி வந்துட்டாளான்னு கேட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். தபாலம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலாளர் கைக்குட்டையை எடுத்து, வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். பிறகு அட்டையைப் பார்த்தார். "விரைவில் குணமடைக" என்று இருந்தது. கையில் கைக்குட்டை தயாராக இருந்ததால், ஏதோ யோசனையில் அந்த எழுத்தின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். எழுத்து இருந்த சுவடே தெரியாமல் போய்விட்டது. அட்டை புத்தம் புதிதாகப் பளபளத்தது.

"பாத்தீங்களா! இதுதான் பிக்மென்ட் இங்க்! சாய மையா இருந்தா கார்டே வேஸ்ட்" என்று கூவினார்.

"தொலைநோக்கு மேடம்" என்றார் கண்காணிப்பாளர்.

பூ அப்படியே இருக்கட்டும் என்று தீர்மானமாயிற்று. பூ எதற்கும் பொருந்தும். கீழே "ஆழ்ந்த இரங்கல்" என்ற ஸ்டாம்பு குத்தப்பட்டது. மேலாளர் அட்டையைத் தூக்கிப் பிடித்து அழகு பார்த்துவிட்டு, தரையில் கிடந்தவளிடம் அன்பாகச் சொன்னார்: "இது காயட்டும்மா. காஞ்சதும் கையோட எடுத்துட்டுக் கிளம்பு."

தபாலம்மா எழுந்தாள். எத்தனையோ நாளாக "மேடம், மேடம்" என்று கூழைக்கும்பிடு போட்ட குரல் அன்றைக்கு அவளுக்கு வரவில்லை.

"எங்க அக்கா கேட்டது ஆளை. நீங்க குடுத்தது கார்டை. அதையும் ஒழுங்காக் குடுக்கல. நீங்கல்லாம் நல்லாருங்க" என்றாள். மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்த தன் விடுப்புக் கடிதத்தை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தாள். பையை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள்.

எல்லோரும் அவள் இறங்கிப்போன படியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு உறைத்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அந்த அலுவலகத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"என்ன ஒரு வாசகம்!" என்றார் மேலாளர், மெய்சிலிர்த்துப்போய். "கேட்டது ஆளை, குடுத்தது கார்டை! நேரா நெஞ்சுல இறங்குது. பயிற்சியில சொன்னாங்க, உண்மையான பரிவு வாசகம் ஊழியர் வாயிலேர்ந்துதான் வரும்னு. எழுதிக்கங்க, எழுதிக்கங்க. ஸ்டாம்பு பண்ணிடலாம்."

"'அக்கா'ன்னா எல்லாருக்கும் பொருந்தாதே மேடம்" என்றார் கண்காணிப்பாளர்.

"எடுத்துடுங்க. 'நீங்க குடுத்தது'ங்கறது கொஞ்சம் மரியாதைக் குறைவா இருக்கு. 'நாங்கள்'னு போட்டா ஒரு பணிவு தெரியும்."

"'கார்டு' தமிழே இல்லை" என்றார் கணக்கர், டீயிலிருந்து பொடியை எடுத்துக்கொண்டே.

திருத்தப்பட்ட வாசகம் ஒருமனதாக நிறைவேறியது. ரப்பரில் வெட்டி வந்த ஸ்டாம்பைப் பார்த்துத் தலைமை அலுவலகமே பாராட்டிக் கடிதம் போட்டது. பரிவில் அந்தக் கிளைக்குத்தான் முதல் பரிசு. அதே வாரம், அனுமதியின்றி வெளியேறிய குற்றத்துக்காகத் தபாலம்மாவின் ஒப்பந்தமும் முடிக்கப்பட்டது. வேலையை விட்டு அனுப்பும்போதுகூடப் பரிவைக் கைவிடாத நிறுவனம் அது. நீக்கக் கடிதத்தோடு, கையால் செய்த அட்டை ஒன்றையும் உறையில் வைத்து அக்கா வீட்டு முகவரிக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை சாதாரணத் தாள், மை நன்றாகவே காய்ந்திருந்தது. "நீங்கள் கேட்டது ஆளை, நாங்கள் கொடுத்தது அட்டையை." கீழே குழுவில் உள்ள எல்லோருடைய கையெழுத்தும், அலுவலக முத்திரையும்.

உறையைப் பிரித்த தபாலம்மா அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யாரு சித்தி அனுப்பியிருக்காங்க?"

"உங்கம்மாவைக் கடைசியாப் பாக்க என்னை விடாதவங்க."

"என்னன்னு எழுதியிருக்காங்க?"

"அதைத்தான் எழுதியிருக்காங்க. கையெழுத்தும் போட்டு, சீலும் குத்தியிருக்காங்க."